வாரி எடுத்ததே உப்பு

(மேனிலை முதலாண்டு மாணவி, எக்கியார்குப்பம்)



"கரையில நிக்கிறவனுக்குக் கடலாழம் தெரியாது" என்று எங்கள் ஆயா அடிக்கடி சொல்வார். மீனவர் குப்பத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு இந்தச் சொல்லின் பொருள் எப்போதோ விளங்கியிருக்க வேண்டும். ஆனால் அது விளங்கியது சென்ற ஆவணி மாதத்தில், ஒரு கால்பந்தாட்டத்திற்குப் பிறகுதான். அந்த ஆட்டத்தில் நான் ஆடவில்லை. கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கட்டும்வரை கத்தியவள் நான். ஆடியவள் என் அக்கா. அந்த அனுபவத்தையே இங்கே எழுத முனைகிறேன். பிழை இருந்தால் பொறுத்தருள்க.

எங்கள் குப்பத்துக்குக் கிழக்கே வங்கக் கடல். சாலைப் பக்கம் வந்தால் மரக்காணத்துக்குப் பெயர் வாங்கித் தந்த உப்பளங்கள். அப்பா கடலுக்குப் போகிறவர். அம்மா உப்பளத்தில் கூலி வேலைக்குப் போகிறவர். அக்கா இதே பள்ளியில், இதே மணல் மைதானத்தில் கால்பந்து கற்றவள். இப்போது வெளியூரில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். கல்லூரி அணியில் நடுப் பின்காவல் அவளுடைய இடம். அணித்தலைவியும் அவளே. நான் நம் பள்ளி அணியில் அதே இடத்தில் ஆடுகிறேன். ஆகையால் அக்காவின் ஆட்டத்தைப் பார்ப்பது எனக்குப் பாடம் படிப்பதுபோல.

பெண் பிள்ளை கால்பந்து ஆடுவதற்கு எங்கள் வீட்டில் முதலில் எளிதாக இசைவு கிடைக்கவில்லை. அப்பாவின் மனத்தை மாற்றியது கடலூர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இந்தக் கடற்கரையைப் புரட்டிப் போட்ட பிறகு, கடலூரில் எல்லாவற்றையும் இழந்த சிறுமியர் பலர் பந்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்கள். கடலூர் மண்ணில் கால்பந்து பழகிய இந்துமதி கதிரேசன் இந்திய அணிக்கே ஆடினார். 2018இல் கட்டாக்கில் நடந்த தேசியப் போட்டியின் இறுதியாட்டத்தில், பல ஆண்டுகள் அசைக்க முடியாமல் இருந்த மணிப்பூரை நம் தமிழ்நாட்டுப் பெண்கள் 2-1 என்று வென்றார்கள். 2023இல் அமிர்தசரசில் அரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மீண்டும் கோப்பை கொண்டுவந்தார்கள். "நம்ம கடலோரத்துப் பொண்ணுங்கதானே, நம்ம பொண்ணும் ஆடட்டும்" என்று அப்பா சொல்லிவிட்டார். அன்று அக்கா துள்ளிய துள்ளலை நான் மறக்க மாட்டேன்.

இனி அந்த ஆட்டத்துக்கு வருகிறேன்.

அது கல்லூரிகளுக்கு இடையே நடந்த போட்டியின் இறுதியாட்டம். சனிக்கிழமை. அப்பாவும் நானும் விடியற்காலையிலேயே கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு வந்து பேருந்து ஏறினோம். அம்மா கட்டிக் கொடுத்த புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கையில். மைதானத்தை அடைந்தபோது இரு அணிகளும் வரிசையாக நின்று கைகுலுக்கிக்கொண்டிருந்தன. அக்கா எங்களைப் பார்த்துக் கையசைக்கவில்லை. ஆட்டத்துக்கு முன் அவள் யாரையும் பார்க்க மாட்டாள்.

ஒரு பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். முதல் பாதியில் அக்காவின் அணி கண்ணுக்கு விருந்தாக ஆடியது. எதிரணிக்காரி பந்தைத் தொட்டவுடன் ஒருத்தி அவள்மேல் ஏறிப் போவாள். இன்னொருத்தி அவளுக்குப் பின்னால் துணை நிற்பாள். மூன்றாமவள் பந்து போகக்கூடிய வழியை அடைப்பாள். இருபதாம் நிமிடத்தில் மூலையிலிருந்து உதைத்த பந்தை அக்கா தலையால் முட்டிவிட, அது ஒரு காலில் பட்டு வலைக்குள் போயிற்று. 1-0! அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துச் சுழற்றினார். பக்கத்தில் இருந்தவர்களிடம் எல்லாம், "பந்தை முட்டுச்சே, அது எம் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

இடைவேளை முடிந்து வந்தபோது அது வேறு அணியாக இருந்தது. நான்கு பேர் நின்ற பின்வரிசையில் ஐந்து பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், ஒரு வாய்க்கால் அகலமே இடைவெளி விட்டு நின்றார்கள். நடுக்கோட்டருகே ஒரே ஒரு பெண், திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல் நின்றாள். பயிற்சியாளர் கோட்டோரமாக நின்று, "பின்னால வா! பின்னால வா! ஏறாதே! வெளியே அடி!" என்று ஓயாமல் கத்தினார். ஒரு கோலைக் கையில் வைத்துக்கொண்டு முப்பத்தைந்து நிமிடத்தை ஓட்டிவிடலாம் என்பது அவருடைய கணக்கு.

தோழியரே, அந்த முப்பத்தைந்து நிமிடத்தைப்போல் நீண்ட நேரத்தை நான் தேர்வு மண்டபத்தில்கூடக் கண்டதில்லை.

எதிரணியினர் பந்தோடு வருவார்கள். நம்மவர்கள் பின்வாங்குவார்கள். இன்னும் வருவார்கள். இன்னும் பின்வாங்குவார்கள். யாரும் எதிரே வராததால் அவர்கள் தலையை நிமிர்த்தி, நிதானமாக யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்த்துக் கொடுத்தார்கள். நம்மவர்களுக்குப் பந்து கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி அடித்தார்கள். அங்கே வாங்குவதற்கு ஆள் இல்லை. போன பந்து பத்து நொடியில் திரும்பி வந்தது. நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். பத்தொன்பது முறை அப்படி அடித்தார்கள், பதினெட்டு முறை பந்து எதிரணியின் காலுக்கே போயிற்று.

ஆட்டம் தெரியாத தோழியருக்காக ஒன்று சொல்ல வேண்டும். கால்பந்தில் ஆஃப்சைடு என்று ஒரு விதி உண்டு. நம் பாதிக்குள், நம் பின்வரிசையையும் பந்தையும் தாண்டி இலக்குக்கு அருகே எதிரணிக்காரி நிற்கும்போது அவளுக்குப் பந்து தட்டப்பட்டால், அது செல்லாது. பின்வரிசை துணிந்து முன்னே ஏறி நின்றால் எதிரணியும் இலக்கிலிருந்து தள்ளியே நிற்க வேண்டி வரும். பின்வரிசை கோல் வாசலுக்கே போய்விட்டால் எதிரணியும் கோல் வாசலுக்கே வந்துவிடும். விருந்தாளியை நாமே கைப்பிடித்து நடுக்கூடத்துக்கு அழைத்து வருவதுபோல. அப்புறம் கோல் கீப்பருக்குப் பந்து எங்கே தெரியும்? தெரிவதெல்லாம் முதுகுகள்தாம்.

"ஏறுக்கா! ஏறு! எதுத்துப் போ!" என்று நான் கத்தினேன். அக்கா ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். உடனே பயிற்சியாளரைப் பார்த்தாள். பிறகு இன்னும் இரண்டடி பின்வாங்கினாள்.

முடிய ஒன்பது நிமிடம் இருக்கும்போது எதிரணியின் நடு ஆட்டக்காரி இருபத்தைந்து கெஜத் தொலைவில் பந்தை நிறுத்தி, நிமிர்ந்து பார்த்து, ஓங்கி உதைத்தாள். அவளை யாரும் நெருங்கவில்லை. முதுகுகளுக்கு நடுவே பந்து வந்ததைக் கீப்பர் பார்த்தபோது அது வலையில் இருந்தது. கடைசி நிமிடத்தில் அதேபோல் இன்னொன்று, கீப்பரின் கையில் பட்டு வழுக்கி உள்ளே போயிற்று. 2-1. நடுவர் ஊதினார். ஆட்டம் முடிந்தது.

கீப்பர் முதலாண்டு மாணவி. ஆட்டம் முடிந்ததும் தரையில் குப்புற விழுந்து அழுதாள். "அந்தக் கையில என்ன வெண்ணெயா தடவியிருந்தே?" என்று அவர்களில் ஒருத்தி சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. பயிற்சியாளர் ஒன்றும் சொல்லவில்லை. அணித்தலைவியான என் அக்காவும் ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு நெஞ்சு கொதித்தது.

அன்று இரவு அக்கா எங்களோடு ஊருக்கு வந்தாள். பேருந்தில் மூவரும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நான் அடக்க மாட்டாமல், "நீ காவல் காக்கல, பயந்து ஒளிஞ்சே. அந்தப் பொண்ணு அழுவுறப்பவும் ஒளிஞ்சே. நீ ஒரு பயந்தாங்கொள்ளி" என்று சொல்லிவிட்டேன். அக்கா சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். ஞாயிறு காலையிலேயே கல்லூரி விடுதிக்குப் புறப்பட்டுவிட்டாள். அதன் பிறகு இரண்டு வாரம் தொலைபேசியில் அம்மாவோடு மட்டும்தான் பேசினாள். "தங்கச்சி எப்படியிருக்கா?" என்று கேட்பதுகூட நின்றுபோயிற்று.

நான் சொன்னது சரியே என்று நிலைநாட்ட வேண்டும் என்ற வீம்பு எனக்குள் ஏறிக்கொண்டது. வழக்குக்கு ஆதாரம் சேர்க்கும் வக்கீலைப்போல் அந்த இரண்டு வாரமும் அலைந்தேன்.

முதல் ஆதாரம் நம் சிஸ்டரிடமிருந்து கிடைத்தது. நான் குமுறிக்கொண்டிருந்ததைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "செல்டிக் என்று ஓர் அணி உண்டு, தெரியுமா?" என்று கேட்டார்கள். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ நகரத்து ஏழைகளுக்கு உணவளிக்கப் பணம் திரட்டுவதற்காக, வால்ஃப்ரிட் என்ற மரிஸ்ட் சபைச் சகோதரர் 1887இல் தொடங்கிய அணி அது. 1967 மே 25ஆம் நாள் லிஸ்பன் நகரில் ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் செல்டிக் அணி இத்தாலியின் இன்டர் மிலான் அணியை எதிர்த்தது. செல்டிக் அணியினர் பதினொருவரும் கிளாஸ்கோவைச் சுற்றி முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். இன்டர் அணியோ கதவைச் சாத்துவதில் உலகப் புகழ் பெற்றது. ஏழாம் நிமிடத்தில் பெனால்டியில் ஒரு கோல் போட்டுவிட்டு, வழக்கப்படி கதவைச் சாத்திக்கொண்டது. செல்டிக் அலை அலையாக வந்து மோதியது. இருமுறை பந்து மேல்கம்பத்தில் பட்டுத் திரும்பியது. கடைசியில் 63ஆம் நிமிடத்தில் டாமி கெம்மல் ஒரு கோல் போட்டார். அவர் முன்வரிசைக்காரர் அல்லர், பின்காவலர்! முடிய ஐந்தாறு நிமிடம் இருக்கையில் ஸ்டீவ் சால்மர்ஸ் இரண்டாவது கோலைப் போட, 2-1 என்று செல்டிக் வென்றது. "அக்கா ஆட்டத்தின் கணக்கும் அதே 2-1தான் சிஸ்டர்" என்று நான் கூவிவிட்டேன்.

இரண்டாவது ஆதாரம் நம் நூலகத்தில் கிடைத்தது. 1990இல் இத்தாலியில் நடந்த உலகக் கோப்பையில் 52 ஆட்டங்களில் விழுந்தவை 115 கோல்கள். ஆட்டத்துக்கு இரண்டேகால் கோல்கூட இல்லை. முன்னணியில் இருக்கும் அணி பந்தைத் தன் கீப்பரிடமே தட்டித் தட்டிக் கொடுத்து நேரத்தைக் கடத்துவது அக்காலத்தில் பெரிய தொல்லையாக இருந்தது. அதனால் 1992இல் விதியையே மாற்றினார்கள். தன் அணியினர் காலால் வேண்டுமென்று தட்டிக் கொடுக்கும் பந்தைக் கீப்பர் கையால் தொடக் கூடாது என்றார்கள். நம் கபடியிலும் அப்படித்தான். இப்போதைய புரோ கபடி ஆட்டத்தில் இரண்டு முறை தொடர்ந்து வெறுமனே பாடிவிட்டுத் திரும்பினால், மூன்றாம் முறை பாடப் போகிறவர் புள்ளி எடுத்தே தீர வேண்டும். எடுக்காவிட்டால் அவர் வெளியே. சும்மா நிற்பதை ஆட்டமே பொறுத்துக்கொள்வதில்லை!

மூன்றாவது ஆதாரம் தமிழ் வகுப்பில் தானாகவே வந்தது. அன்று தமிழம்மா திருக்குறளின் 'அரண்' அதிகாரத்தை நடத்தினார்கள். கோட்டை உயரமாக, அகலமாக, உறுதியாக இருக்க வேண்டும் என்றெல்லாம் வள்ளுவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வருகிறார். கடைசிக் குறளில், இத்தனைச் சிறப்பும் இருந்தாலும் உள்ளே இருப்பவர்களிடம் செயல் சிறப்பு இல்லையென்றால் அந்தக் கோட்டை இருந்தும் இல்லாததே என்று முடித்துவிடுகிறார். நான் நோட்டின் ஓரத்தில் 'ஐந்து பேர் பின்வரிசை!' என்று எழுதி அடிக்கோடிட்டேன்.

இவ்வளவு ஆதாரங்களையும் எடுத்துக்கொண்டு நம் விளையாட்டு ஆசிரியையிடம் போனேன். பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எல்லாம் சரி. 2004இல் கிரேக்க நாடு ஐரோப்பியக் கோப்பையை எப்படி வாங்கிற்று?" என்று கேட்டார்கள். எனக்குத் தெரியவில்லை. "காவல் காத்துத்தான் வாங்கிற்று. காலிறுதியில் பிரான்சை 1-0, அரையிறுதியில் செக் நாட்டை 1-0, இறுதியில் போர்ச்சுகலை அதன் சொந்த ஊரிலேயே 1-0. ஆகவே காவல் காப்பது குற்றமில்லை. ஆனால் அவர்கள் ஆளை விட்டுவிட்டுக் கோட்டையைக் காக்கவில்லை. ஆளுக்கு ஆள் ஒட்டிக்கொண்டு நின்றார்கள். வாய்ப்பு வந்தபோது முன்னே போய் அடித்தார்கள். காவல் என்பது ஒரு வேலை. வேலை செய்யாமல் நிற்பதற்குப் பெயர் காவல் இல்லை" என்றார்கள்.

பிறகு, "ஜர்னைல் சிங்கைப் பற்றிப் படித்தாயா?" என்று கேட்டு அவர்களே சொன்னார்கள். 1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. பின்காவலில் தூணாக நின்ற ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. பயிற்சியாளர் ரகீம் அவரை உட்கார வைக்கவில்லை. முன்வரிசைக்கு அனுப்பினார்! செப்டம்பர் 4ஆம் நாள் இறுதியாட்டத்தில் அதே தென் கொரியா. பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் சிங் ஒரு கோல். கோல் வாசலில் நம் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று இந்தியாவுக்குத் தங்கம். "பின்காவலரை முன்னே போ என்று சொல்ல ரகீம் இருந்தார். உன் அக்காவை யார் முன்னே போகச் சொன்னார்கள்? அவள் ஏன் போகவில்லை என்று நீ அவளைக் கேட்டாயா?" என்று டீச்சர் முடித்தார்கள்.

நான் கேட்கவில்லை. என் ஆதாரக் கட்டில் அது ஒன்றுதான் இல்லை.

மூன்றாம் வாரம் அக்கா ஊருக்கு வந்தாள். அன்று பிற்பகல் மேற்கே கருத்து வந்தது. அப்பா கடலிலிருந்து திரும்பி அசந்து தூங்கிக்கொண்டிருந்தார். உப்பளத்தில் ஆள் போதவில்லை என்று சேதி வந்ததும் அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கிளம்பினாள். நானும் பின்னால் ஓடினேன். அம்மா எங்களை உப்பளத்துக்கு வரவிடாதவர். அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

உப்பளம் பார்த்திராத தோழியருக்கு: உப்புநீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் காய வைப்பார்கள். நீர் வற்ற வற்றக் கடைசிப் பாத்தியில் உப்பு பூக்கும். ஆண்கள் பலகையால் அதை வாரி வரப்போரம் ஒதுக்குவார்கள். பெண்கள் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து மேட்டில் கொண்டுபோய்க் குவிப்பார்கள். குவியலின்மேல் ஓலை போட்டு மூடுவார்கள். மழை வந்தால் பாத்தியில் கிடக்கும் உப்பெல்லாம் ஒரு நாழிகையில் கரைந்துபோகும். பல நாள் பாடு பாழ்.

நாங்கள் நால்வரும் ஐவருமாக ஓடி ஓடிச் சுமந்தோம். உப்புநீர் காலில் இருந்த கீறலில் பட்டு எரிந்தது. நான் களைத்துப்போய், "அம்மா, அந்தக் கடைசிப் பாத்திக்கு வரப்பை ஒசத்திக் கட்டிட்டாப் போதாதா?" என்று கேட்டேன்.

அம்மா நிற்காமலே சொன்னார்: "வரப்பு பக்கத்துத் தண்ணியத்தான் தடுக்கும், மேலேர்ந்து வர்றதத் தடுக்குமா? பாத்தியில கெடக்குற வரைக்கும் அது உப்பு இல்லடி, தண்ணிதான். வாரி மேட்டுல ஏத்தினாத்தான் உப்பு. காவல் காத்துக்கிட்டு நின்னா மழை கேக்குமா?"

எனக்கு முன்னால் கூடையோடு போன அக்கா சட்டென்று நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். மூன்று வாரத்துக்குப் பிறகு அன்றுதான் பார்த்தாள். பிறகு மறுபடியும் நடந்தாள்.

கடைசிப் பாத்தியில் பாதி கரைந்துவிட்டது. மீதி மேடேறிவிட்டது. ஓலைக்குக் கீழே ஒண்டிக்கொண்டு நிற்கும்போது அக்கா தானாகவே பேசினாள்.

"ஹாஃப் டைம்லயே சாரு கிட்ட சொன்னேன். 'முன்னால ஏறி அமுக்குவோம் சார், இன்னொரு கோல் கிடைக்கும்'னு. 'நான் சொன்னத மட்டும் செய்'னாரு. அதுக்கு மேல நான் பேசல."

"ஏன் பேசல?"

"எனக்கு அந்தச் சீட்டு விளையாட்டுலதான் கெடச்சுது. டீம்ல பேரு இருக்குற வரைக்கும்தான் ஹாஸ்டலுக்குக் காசு இல்ல. எதுத்துப் பேசி பேர எடுத்துட்டாங்கன்னா அப்பா எங்க போவாரு? நீ ஏறு ஏறுன்னு கத்தினது எனக்குக் கேட்டுச்சு. நான் அந்த ஒரு கோலக் காவல் காக்கலடி. என் சீட்டத்தான் காவல் காத்தேன். அந்தப் பொண்ணத் திட்டினப்பகூட அதனாலதான் வாயத் தொறக்கல. அவ அப்புறம் பயிற்சிக்கே வரல."

ஓலையில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. நான் சேர்த்து வைத்திருந்த லிஸ்பனும் ஜகார்த்தாவும் வள்ளுவரும் என் வாயில் வரவில்லை. கரையில் நின்றவள் நான். "என்ன மன்னிச்சிடுக்கா" என்றேன். அவள் உப்புக் கையாலேயே என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

விடுதிக்குத் திரும்பியதும் அக்கா முதலில் போனது அந்தக் கீப்பரின் அறைக்கு. "அந்த ரெண்டு கோலும் உன் கோல் இல்ல. நாங்க உனக்கு முன்னால நின்னு மறச்ச கோல். அன்னிக்கே சொல்லியிருக்கணும்" என்று சொன்னாளாம். மறுநாள் பயிற்சியாளரிடம் போய், பணிவாகவும் தெளிவாகவும், தோல்விக்குக் கீப்பர் காரணமில்லை என்றும், முன்னணியில் இருக்கும்போது ஏறி ஆட அணிக்குப் பயிற்சி வேண்டும் என்றும் கேட்டாளாம். அவர் கோபிக்கவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இறுதியாட்டத்தில் தாம் முன்னணியில் இருந்தும் ஏறி ஆடச் சொன்னதையும், பின்னால் திறந்து கிடந்த இடத்தில் மூன்று கோல் வாங்கியதையும் சொன்னாராம். "அந்தப் பயம் இன்னும் எனக்குப் போகலம்மா" என்றாராம். அவரும் ஒரு பாத்தியைக் காவல் காத்துக்கொண்டிருந்தவர்தான் என்று அக்கா சொன்னாள். அக்காவின் பெயர் அணியிலேயே இருந்தது. அந்த வாரமே பின்வரிசை ஒன்றாக ஏறுவதற்கும் ஒன்றாக இறங்குவதற்கும் பயிற்சி தொடங்கிற்று.

கார்த்திகையில் வேறொரு போட்டியின் அரையிறுதி. அப்பாவும் நானும் மீண்டும் போயிருந்தோம். அன்றும் அக்காவின் அணி 1-0 என்று முன்னணி பெற்றது. அன்று யாரும் பின்வாங்கவில்லை. அக்கா கையை உயர்த்தியதும் பின்வரிசை முழுவதும் ஒரே வடம் பிடித்த கையாக முன்னே ஏறியது. இரண்டாவது கோலுக்கு மூன்று முறை நெருங்கினார்கள், விழவில்லை. பிறகு பின்னால் திறந்திருந்த இடத்தில் எதிரணிக்காரி ஒருத்தி ஓடிப் புகுந்து 1-1 ஆக்கினாள். பயிற்சியாளர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஆனால் "பின்னால வா" என்று கத்தவில்லை. பெனால்டி உதையில் 4-3 என்று அக்காவின் அணி தோற்றது. அதே கீப்பர் ஓர் உதையைப் பாய்ந்து தடுத்தாள்.

ஆம் தோழியரே, அன்றும் தோல்விதான். ஏறி ஆடினால் எப்போதும் வெற்றி என்று எழுத எனக்கும் ஆசைதான், ஆனால் அது பொய்யாகிவிடும். ஆயினும் அன்று யாரும் தரையில் குப்புற விழுந்து அழவில்லை. யாரும் யாரையும் ஏசவில்லை. அணித்தலைவியும் கீப்பரும் தோளில் கைபோட்டுக்கொண்டு மைதானத்தை விட்டு வெளியே வந்தார்கள். அப்பா துண்டைச் சுழற்றினார். பக்கத்தில் இருந்தவர், "தோத்துட்டாங்களேய்யா?" என்றார். "அதனால என்ன, ஆடினாங்கல்ல" என்றார் அப்பா.

நம்மிடம் ஒரு மதிப்பெண் இருக்கிறது, ஒரு பெயர் இருக்கிறது, ஓர் இடம் இருக்கிறது. அது போய்விடுமோ என்று அஞ்சி, பேச வேண்டிய இடத்தில் பேசாமலும், கையை உயர்த்த வேண்டிய வகுப்பில் உயர்த்தாமலும், அழுகிற தோழியின் பக்கத்தில் போய் நிற்காமலும் இருந்துவிடுகிறோம். அதற்கு அடக்கம் என்றும் பாதுகாப்பு என்றும் பெயர் வைத்துக்கொள்கிறோம். நானும் அப்படி இருந்ததுண்டு. இனி அப்படி இருக்கத் தோன்றும்போதெல்லாம் ஓலைமேல் கொட்டிய அந்த மழை என் காதில் கேட்கும் என்று நம்புகிறேன்.

அதோடு, கரையில் நின்று கத்துமுன் கடலில் இருப்பவளை ஒரு வார்த்தை கேட்கவும் கற்றுக்கொண்டேன். வருகிற தை மாதம் நம் பள்ளி அணிக்கு ஆட்டம் இருக்கிறது. நடுப் பின்காவலில் நான் நிற்பேன். அக்கா கோட்டோரம் நின்று கத்துவதாகச் சொல்லியிருக்கிறாள்.